சிவப்புப் பனைக்கு நான் போட்ட உப்பு

எனக்குச் செடி வளர்க்கத் தெரியாது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அந்தத் திமிரில் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன்.

அடையாறில் எங்கள் அடுக்குமாடியின் மேல்வீட்டுக் கமலா, வெளிநாட்டு மகளைப் பார்க்கப் போகும்போது ஒரு தொட்டிப் பனையை என்னிடம் விட்டுப் போனாள். தண்டெல்லாம் குங்குமச் சிவப்பு. சுலபத்தில் எங்கேயும் கிடைக்காதாம். "தட்டுல தண்ணி வத்தாம பாத்துக்குங்கக்கா, வேற எதுவும் வேணாம்" என்றாள்.

இதுவும் தென்னை மாதிரிதானே என்று இரண்டு கை கல்லுப்பை வேரில் போட்டேன். தென்னைக்கு எப்போதும் அப்படித்தான் போடுவேன். பத்தே நாளில் ஓலையெல்லாம் கருகிவிட்டது.

கமலா வந்ததும் வாட்ச்மேன் ஏழுமலையைப் பிடித்துக்கொண்டாள். "கார் கழுவுன சோப்புத் தண்ணிய இதுலதானே ஊத்துனே? செகரெட்டரிகிட்ட சொல்லி உன்னை நிறுத்தறேன் பாரு!"

"நான் ஒண்ணியும் ஊத்தலம்மா" என்றவர் என்னை ஒருமுறை பார்த்தார். நான் உப்புப் போட்டதை கேட் பக்கம் நின்று பார்த்தவர் அவர். ஆனாலும் வாய் திறக்கவில்லை.

அவர் தன் சாப்பாட்டுப் பையை எடுக்கத் திரும்பியபோதுதான் எனக்குப் பேச்சு வந்தது. "அவர இன்னாத்துக்குத் திட்டறே கமலா? உப்பு போட்டது நான்."

கமலா தொட்டியை என் பொறுப்பிலேயே விட்டுவிட்டு மேலே போய்விட்டாள். ஏழுமலைதான் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி உப்பை வெளியேற்றினார். இப்போது ஒரு சிவப்புக் குருத்து வந்திருக்கிறது.

அன்று அவர் என் பேரைச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். சொல்லாததால்தான் நான் சொன்னேன்.

தண்ணீர் ஊற்றுவது இன்னமும் என் வேலைதான். "ஆயா, மடியில உப்பு கீதா?" என்று ஏழுமலை தினமும் கேட்கிறார். மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் ஊற்றுகிறேன்.