டிரம்மர் கொம்பையா கொடுத்த புகார்

2001 மே 22 – அம்பாசமுத்திரம், கோயில் கொடை, மெல்லிசைக் கச்சேரி – ரூ. 150
2007 பிப்ரவரி 3 – சென்னை, கல்லூரி விழா, ராக் குழு, ஐந்து பேருக்கும் சேர்த்து – ரூ. 4,000
2009 ஆகஸ்ட் 21 – முதல் ஒலிப்பதிவு, ஒரு பாட்டு – ரூ. 1,200
2016 டிசம்பர் – 23 ஒலிப்பதிவுகள் – ரூ. 1,03,500
2019 மார்ச் – 19 ஒலிப்பதிவுகள் – ரூ. 1,04,500
2022 நவம்பர் – 3 ஒலிப்பதிவுகள் – ரூ. 18,000
2023 ஜனவரி – இல்லை

கொம்பையாவின் தொழில் இந்த ஏழு வரிகளுக்குள் அடங்கிவிடும். கடைசி இரண்டு வரிகள் ஏன் இப்படி ஆயின என்ற சந்தேகம் அவனைப் பிடித்துக்கொண்டபோது அவனுக்கு வயது நாற்பத்தொன்று.

விக்கிரமசிங்கபுரத்து ஆலைத் தொழிலாளியின் மகன். பத்தொன்பது வயதில் அம்பாசமுத்திரம் மெல்லிசைக் குழுவில் சேர்ந்து கொடை தவறாமல் டிரம்ஸ் அடித்தான். அங்கிருந்து சென்னைக்குப் போய் ஆங்கிலப் பாட்டு பாடும் ராக் குழு ஒன்றில் நுழைந்தான். குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் கார் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள். கொம்பையா என்ற பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை. மேடையில் 'கோம்ஸ்' என்று அறிவிப்பார்கள். ஊரில் யாராவது அவனைப் பற்றிக் கேட்டால், "மெட்ராஸ்ல கொட்டடிக்கான்" என்று ஒரே வரியில் பதில் கிடைக்கும். கேட்டவர், "யார் வீட்டு எழவுக்கு?" என்பார்.

2009இல் கிட்டார் வாசித்தவன் கனடாவுக்குப் போக, குழு கலைந்தது. அடுத்த மாத வாடகைக்கு வழியில்லாமல் இருந்தவனை ஒலிப்பதிவுக்கு அழைத்துப் போனது காயல்பட்டினத்து அம்மார். அப்போது ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் உதவிப் பொறியாளராக இருந்தான். இருவருக்கும் ஒரே பேச்சு, சென்னையில் மற்றவர்கள் சிரிக்கும் பேச்சு. அதனாலேயே ஒட்டிக்கொண்டார்கள்.

ஒலிப்பதிவில் வாசிப்பவனுக்குப் பாட்டின் கதை தெரியாது, பாடுகிறவர் யாரென்றும் பெரும்பாலும் தெரியாது. காதில் கடிகாரம் போல ஒரு சத்தம் ஓடும். அதை விட்டு நூலளவும் விலகாமல் அடித்துவிட்டு, கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கிக்கொண்டு வர வேண்டும். கொம்பையா நாலு நிமிடப் பாட்டை இருபது நிமிடத்தில் முடித்துக் கொடுப்பான். பெயர் எங்கேயும் வராது. ஊருக்கு வரும்போது பேருந்தில் ஓடும் பாட்டைக் காட்டி, "இது நான் அடிச்சது" என்றால், பக்கத்து இருக்கைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஆனால் தன் அடியை அவன் எங்கேயும் அடையாளம் காண்பான். காரணம் அவனுடைய ஸ்னேர். டிரம்ஸில் இரண்டு முழங்காலுக்கும் நடுவே வைத்து அடிக்கும் சிறிய முரசுக்கு அந்தப் பெயர். 2011இல் லாரியிலிருந்து இறக்கும்போது அதன் உலோக உடலில் விரிசல் விட்டது. அம்பாசமுத்திரத்தில் பாத்திரம் பற்றவைப்பவர் ஒருவர் பித்தளை வைத்து அடைத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து ஒவ்வோர் அடியும் முடிந்த பிறகு 'ங்' என்று சன்னமாக ஒரு ரீங்காரம் நிற்கும். அம்மாருக்கு அது உயிர். "ஏலே கொம்பு, இத மட்டும் சரி பண்ணிராத. பொண்ணுக்கு மச்சம் மாதிரிலே" என்பான்.

ஊரடங்கு வந்தபோது கொம்பையா டிரம்ஸோடு ஊருக்கு வந்து, கலைஞர்களுக்கென்று யார் யாரோ கொடுத்த நிவாரணத்திலும் மனைவி முத்துராணியின் ஆலைச் சம்பளத்திலும் ஒன்றரை வருடம் ஓட்டினான். திரும்பிப் போனபோது அழைப்புகள் குறைந்திருந்தன. கேட்டால், "கம்ப்யூட்டர்லயே போட்டுக்கிட்டோம் அண்ணாச்சி" என்றார்கள். காலம் அப்படி என்று அவனும் இருந்தான்.

2023 பிப்ரவரி 9, வியாழக்கிழமை. திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் போகும் பேருந்தில், சேரன்மகாதேவி தாண்டியதும், புதுப் பாட்டு ஒன்று ஓடியது. அதில் அடித்தது அவனுடைய ஸ்னேர். ரீங்காரம் அப்படியே இருந்தது. ஆனால் அந்தப் பாட்டுக்கு அவன் வாசிக்கவில்லை.

ஒரு மாதத்தில் இப்படி ஒன்பது பாட்டுகளும் இரண்டு விளம்பரங்களும் கண்டுபிடித்தான். எவனோ அவனுடைய அடிகளைத் தனித்தனியாக வெட்டி ஒரு தொகுப்பாக இணையத்தில் விற்கிறான். அதை வாங்கினால், கொம்பையா இல்லாமலே கொம்பையாவை அடிக்க வைக்கலாம். அவனும் ரூ. 2,400 கட்டித் தன் அடிகளைத் தானே வாங்கினான். விற்பவர் பெயர் அதில் இல்லை. எழுதிய மின்னஞ்சலுக்குப் பதிலும் இல்லை.

தனித்தனி அடிகள் யாரிடம் இருக்க முடியும்? ஒவ்வொரு பதிவுக்கு முன்னும் ஒலி அளவைச் சரிபார்க்க ஒவ்வொரு கருவியையும் தனியாக அடிக்கச் சொல்வார்கள். மற்றவர்கள் நாலு அடியோடு விடுவார்கள். அம்மார் பத்து, பதினைந்து என்று அடிக்கச் சொல்வான். அந்த நேரத்திலும் பதிவு ஓடிக்கொண்டிருக்கும். "எதுக்குலே இதெல்லாம் பிடிக்கே?" என்று ஒருமுறை கேட்டதற்கு, "ஓடட்டும், உனக்கு என்ன கை தேயுதா?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு இப்போது வேறு மாதிரி தெரிந்தது.

தொகுப்பைக் காதில் மாட்டிக் கேட்டான். மைக்கும் அம்மாருடையதுதான். ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு குணம் உண்டு. அம்மாரின் மைக் மேல் சத்தத்தைக் கொஞ்சம் மூக்கடைப்போடு பிடிக்கும். அதுவும் பொருந்தியது. 2022இல் அம்மார் சொந்தமாக ஒலிப்பதிவுக் கூடம் திறந்தது, அதே வருடம் கார் ஓட்டியது எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அது கத்தாரிலிருந்து வந்த அவன் மச்சான் விட்டுப்போன கார் என்பது கொம்பையாவுக்கு மிகவும் பின்னால்தான் தெரியும். மார்ச்சில் மூன்று முறை போன் செய்தான். மூன்று முறையும் அம்மார், "பொறவு பேசுதேன்" என்று வைத்துவிட்டான். கொம்பையா அந்த மூன்று நேரங்களையும் குறித்துக்கொண்டான்.

முத்துராணி மட்டும், "பதினாலு வருசமா சோறு போட்ட கை. ஒரு வார்த்தை நேர்ல கேட்டுட்டு எதையும் எழுதுங்க" என்றாள்.

நேரில்தான் போனான். ஏப்ரல் 23, ஞாயிறு, நோன்புப் பெருநாளுக்கு மறுநாள். அம்மார் ஊரில் இருப்பான் என்று தெரிந்துதான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தான். திருச்செந்தூர் போய் வண்டி மாறி, காயல்பட்டினத்தில் இறங்கும்போது மணி பதினொன்றரை.

அம்மார் வாசலுக்கே ஓடி வந்தான். "வாலே கொம்பு! நேத்தே வந்திருக்கக் கூடாதா? ம்மா, யார் வந்திருக்கான்னு பாருங்க!"

உள்ளேயிருந்து தட்டில் பெருநாள் இனிப்பு, வட்டிலாப்பம் வந்தது. கொம்பையா அதைத் தொடாமல் பையிலிருந்து நாலு தாளை எடுத்து வைத்தான். பாட்டுகளின் பெயர், தேதி, எத்தனையாவது நொடியில் தன் அடி வருகிறது என்ற பட்டியல்.

அம்மார் படித்தான். முகத்தில் இருந்த பெருநாள் மெல்ல இறங்கியது.

"இத எதுக்கு எங்கிட்ட காட்டுத?"

"தனித்தனியா அடிச்ச அடி வேற யார்ட்ட இருக்கு? நீயே சொல்லு."

"நீ என்ன சொல்ல வந்திருக்கேன்னு நீயே சொல்லு."

"இல்லன்னு சத்தியம் பண்ணுலே. நான் இப்பமே கெளம்பிருதேன்."

அம்மார் தாள்களை நேராக அடுக்கி அவன் பக்கம் தள்ளினான். "ஒரு சந்தேகம்னு கேட்டிருந்தா என்னென்ன பிடிச்சேன், எங்க வச்சிருக்கேன், அம்புட்டையும் காட்டியிருப்பேன். நீ கேக்க வரல மக்கா. தீர்ப்ப எழுதிட்டு வந்திருக்க. அதுக்கு நான் சத்தியம் பண்ணணுமா? பண்ண மாட்டேன். மொதல்ல சாப்பிடு."

கொம்பையா சாப்பிடாமல் எழுந்தான். குற்றமில்லாதவன் சத்தியம் பண்ணுவதற்கு என்ன என்று திருநெல்வேலி வரும் வரை மனத்துக்குள் ஓடியது. மே 2, செவ்வாய்க்கிழமை, இசைக் கலைஞர்கள் சங்கத்துக்குப் பதினொரு பக்கப் புகார் பதிவுத் தபாலில் போயிற்று.

சங்கம் விசாரணை முடியும் வரை உறுப்பினர்கள் யாரும் அம்மாரின் கூடத்தில் வாசிக்கக் கூடாது என்று அறிவித்தது. வாத்தியக்காரர்கள் வராத கூடத்துக்கு யார் வருவார்கள்? ஆகஸ்டில் அதைப் பூட்டினான். விசாரணை இரண்டு முறை தள்ளிப்போனது. 2024 ஜனவரியில் அம்மார் ஷார்ஜாவில் ஒரு விழா ஏற்பாட்டு நிறுவனத்துக்கு ஒலிபெருக்கி கட்டும் வேலைக்குப் போய்விட்டான். ஓடிவிட்டான் என்றே கொம்பையா எடுத்துக்கொண்டான்.

விசாரணை ஜூலை 10 என்று கடைசியாக முடிவானது. அதற்குச் சான்றைப் பலப்படுத்த, ஜூன் 13, வியாழக்கிழமை காலை, வீட்டில் உட்கார்ந்து தொகுப்பின் ஒவ்வோர் அடியையும் கணினியில் பெரிதாக்கிக் கேட்டுக்கொண்டிருந்தான். அடியின் ரீங்காரம் ஓயும் இடத்தில் அம்மாரின் கூடத்துக்கே உரிய ஏதாவது சத்தம் சிக்குமா, ஏசி இரைச்சலாவது கிடைக்குமா என்று பார்த்தான். முப்பத்தேழாவது கோப்பில் ஏதோ ஒரு நீண்ட இழுப்பு இருந்தது. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு ஒலிபெருக்கியில் முழுச் சத்தத்தில் வைத்தான்.

அந்த வாரம் முத்துராணிக்கு இரண்டாவது ஷிப்ட். அடுப்படியில் இருந்தவள் திடுக்கிட்டுச் சோற்று வாளியைத் தேடினாள்.

"அதுக்குள்ள ரெண்டே முக்கால் ஆயிட்டா? இன்னும் கொழம்பே கொதிக்கலையே!"

"மணி பதினொண்ணுதான். என்னத்துக்குப் பதறுத?"

"பின்ன சங்கு ஊதுச்சுல்லா?"

கொம்பையா மறுபடியும் அதே இடத்தைப் போட்டான். முத்துராணி அருகில் வந்து நின்றாள்.

"நம்ம ஆலைச் சங்குதான். இழுத்துட்டே போயி கடைசில தொண்ட அடைச்ச மாதிரி நிக்கும் பாருங்க. இருவது வருசமா கேக்கேன், எனக்குத் தெரியாதா?" என்றவள், அவன் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினாள். "நீங்க எப்பம் வீட்ல வச்சு இத அடிச்சிய?"

முதலில் அம்மார் இங்கே வந்து திருட்டுத்தனமாகப் பதிவு செய்திருப்பானோ என்றுகூட அவன் புத்தி போயிற்று. ஒரு சந்தேகம் செத்தால் அடுத்ததைப் பெற்றுவிடும் நிலைக்கு அவன் வந்திருந்தான். பிறகுதான் ஊரடங்கில் வீட்டில் வைத்து அடித்து அனுப்பியது நினைவுக்கு வந்து, வங்கிப் புத்தகத்தை எடுத்தான். 2020 செப்டம்பர் 18, வரவு ரூ. 6,000. பக்கத்தில் பென்சிலால் 'நிவாரணம்' என்று அவனே எழுதியிருந்தான்.

பழைய போனைச் சார்ஜ் போட்டு, அந்த நிவாரணம் பற்றி அப்போது வந்த செய்தியைத் தேடிப் படித்தான். ஊரடங்கில் வருமானம் இழந்த டிரம் கலைஞர்களுக்கு ஆறாயிரம் ரூபாய். ஒவ்வொரு கருவியையும் மெதுவாக, நடுத்தரமாக, பலமாகப் பதினைந்து முறை அடித்துப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். அந்தக் காலத்தில் நிவாரணம் கேட்டுப் போனால் எல்லாரும் சான்று கேட்டார்கள். இதுவும் தான் உண்மையான டிரம்மர்தானா என்று சோதிப்பதற்காக என்றே அவன் எண்ணினான். எங்கேயும் பெயர் வராதவனுக்கு அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை. ஆங்கிலத்தில் நாலு பக்கம் இருந்த படிவத்தின் அடியில் ஒரு கட்டத்தைத் தொட்டு, அந்த அடிகளை அவர்கள் விற்றுக்கொள்ளச் சம்மதம் கொடுத்திருந்தான். தன்னிடம் நல்ல மைக் இல்லை என்று புலம்ப, கூரியர் வண்டி ஓடத் தொடங்கிய முதல் வாரமே இரண்டு மைக்கை அனுப்பி வைத்தவன் அம்மார்.

கொம்பையா வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அம்மார் விசாரணைக்கு வரப்போவதில்லை. வராதவன்மேல்தான் தீர்ப்பு எழுதுவார்கள். நஷ்ட ஈடும் கிடைக்கலாம். பதினொரு நாள் அவன் எதுவும் செய்யவில்லை. முத்துராணி ஒரே ஒரு முறை கேட்டாள்: "ஜூலை பத்துக்கு டிக்கெட் போடணுமா, வேண்டாமா?"

ஜூன் 24, திங்கட்கிழமை, புகாரைத் திரும்பப் பெறுவதாகவும், அடிகளை விற்றது தானே என்றும் எழுதி அனுப்பினான். சங்கம் ஜூலை 10 அன்று அம்மார் மீதான தடையை நீக்கியது. கொம்பையாவின் உறுப்பினர் அட்டையை ஆறு மாதம் நிறுத்தி வைத்தது.

ஷார்ஜா முகவரியை அம்மாரின் அம்மாவிடம் போனில் கேட்டு வாங்கினான். அந்த அம்மா மறு பேச்சுப் பேசாமல் எழுத்தெழுத்தாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஜூலை 22, ஆகஸ்ட் 30, அக்டோபர் 7 ஆகிய நாட்களில் மூன்று கடிதம் எழுதினான். மூன்றிலும் மன்னிப்புத்தான். மூன்றாவதில், கூடத்தை மறுபடி திறந்தால் ஒரு வருடம் சம்பளம் இல்லாமல் வாசிப்பதாகவும் எழுதினான்.

பதில் ஒன்றே ஒன்றுதான் வந்தது. அரைப் பக்கம்.

"கொம்பு, மூணும் கிடைச்சுது. சங்கத்துல இருந்து உன் புகாரும் அந்தத் தொகுப்பும் எனக்கு வந்த அன்னைக்கே போட்டுக் கேட்டேன். முதல் அடியிலயே இது என் ரூம் இல்லன்னு தெரிஞ்சுட்டு. உன் வீட்டு ஓட்டுக்கூரை எதிரொலி அதுல இருந்துச்சு. நான் எழுதிச் சொல்லியிருக்கலாம். சொன்னா அதையும் ஒரு பொய்னு பன்னெண்டாவது பக்கமா சேத்திருப்ப. உனக்கு என்ன விட நல்ல காது. நீயே கேட்டுக் கண்டுபிடிப்பன்னு எட்டு மாசம் காத்துப் பாத்துட்டுத்தான் கெளம்பினேன். நீ உண்மைய எழுதினது நல்லது. உன் மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா இனிமே நீ என் முன்னால உக்காந்து அடிக்கும்போது, நான் ரெக்கார்டு பட்டனத் தொட்டா உன் கண்ணு எங்க போகும்னு எனக்குத் தெரியும். அதுல வேல பாக்க முடியாது. இத்தோட எழுத வேண்டாம். முத்துராணி மைனிய கேட்டதாச் சொல்லு. அம்மார்."

இந்தக் கடிதம் விக்கிரமசிங்கபுரத்துக்கு வந்து சேர்ந்த நாள் 2024 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை.