இருபத்தைந்து மீட்டரில் ரேடியோக்காரம்மா

தொண்ணூற்றொன்றில் வளைகுடாவில் சண்டை நடந்தபோது எங்கள் சித்தப்பா சவூதியில் வெல்டராக இருந்தார். அவரிடமிருந்து கடிதம் வருவது நின்றுபோயிருந்தது. படப்பை வீட்டில் சித்தி சாயங்காலமானால் ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிடுவாள். சித்தப்பா பிறகு முழுசாக ஊர் வந்து சேர்ந்தார், இன்றும் என் பங்குப் பாயசத்தையும் சேர்த்தே குடிக்கிறார். அதனால்தான் இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடிகிறது.

செய்திக்கு முன்னால் ஒரு பெண் குரல், "சிற்றலை இருபத்தைந்து மீட்டர்" என்று அறிவிக்கும். உடனே சித்தி சத்தத்தைக் கூட்டுவாள். பிளஸ் ஒன் படித்த அக்காவுக்கு அது போதும்.

"சத்தத்த ஏத்துனா சத்தத்தோட அலைதான் ஒசரமாவும் சித்தி, சேதி வேகமா வராது. ரேடியோ அலை ஒண்ணோட நீளம் இருபத்தஞ்சு மீட்டர். செகண்டுக்கு ஒரு கோடியே இருவது லட்சம் அலை. ரெண்டையும் பெருக்குனா முப்பது கோடி மீட்டர், அதான் வேகம். நீளம் கூடுனா எண்ணிக்கை கொறையும், வேகம் மட்டும் மாறவே மாறாது."

மூன்றாம் வகுப்பிலிருந்த எனக்கு இதில் ஏறியது ஒன்றுதான். ரேடியோக்காரம்மா இருபத்தைந்து மீட்டர் தூரத்தில் இருக்கிறார். நேரில் போய்க் கேட்டுவிட்டால் என்ன? சித்தி சரியாகச் சாப்பிட்டே பல நாளாகியிருந்தது. எனக்கு அது தாங்கவில்லை.

மறுநாள் செய்தி நேரத்தில், ஏரியல் கம்பி போகும் திசையில், ஓர் எட்டு ஒரு மீட்டர் என்று எட்டிப்போட்டு நடந்தேன். இருபத்தைந்தாவது எட்டு பக்கத்து வீட்டு டீச்சரம்மாவின் ஜன்னலடியில் முடிந்தது. உள்ளே அதே குரல்! அவர்கள் வீட்டிலும் ரேடியோ இருக்கும் என்று எனக்கெங்கே தோன்றியது?

"சவூதில எங்க சித்தப்பா நல்லா கீறாரா?" என்று கத்தினேன்.

உள்ளே சத்தம் சட்டென்று குறைந்தது. கொஞ்சம் கழித்துத் திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "நல்லா இருக்காரு. கவலப்படாதீங்கன்னு வூட்ல சொல்லு கண்ணு."

குரல் கொஞ்சம் மாறியிருந்தது, ஜலதோஷமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஓடிவந்து சொன்னேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ, அது டீச்சரம்மாடி!"

சித்தி சிரிக்கவில்லை. ரேடியோவை நிறுத்திவிட்டு என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள்.

"இன்னா சொன்னாங்க? இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னேன். அன்று சித்தி எங்களோடு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டாள். அக்கா அத்தனை தெளிவாகச் சொன்ன பிறகும் அவள் ஏன் மறுபடி கேட்டாள் என்று எனக்கு விளங்கவில்லை. அந்த வீட்டில் என்னை நம்புவதற்கும் ஓர் ஆள் இருக்கிறதே என்று பெருமையாக மட்டும் இருந்தது.