யாருடைய அட்டவணை கடினம்?

சீட்டு

"சீட்டை எடுத்தது இவவின்ர கைதானே?"

சிவபாலன் அண்ணை எழுந்து நின்று என்னைக் காட்டி இப்படிக் கேட்டபோது, கிங்ஸ்பரி தேவாலய மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் வேலைக் காலத்தில் எத்தனையோ பேர் என்னிடம் கத்தியிருக்கிறார்கள். ஆனால் என் நேர்மையைச் சந்தேகித்தவர் அவர் ஒருவர்தான்.

நான் ஈப்போவில் பிறந்தவள். லண்டனுக்குப் படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டேன். ஒரு பஸ் கம்பெனியில் ஷெட்யூலர் வேலை. எந்த பஸ் எப்போது புறப்பட வேண்டும், எந்த டிரைவருக்கு எந்த டூட்டி, கடைசி நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் மூச்சு விடலாம் என்று வகுப்பதுதான் என் தொழில். போன வசந்தத்தில் ஓய்வு பெற்றேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் நான் கற்றுக்கொண்டதைச் சொல்லும்படி கேட்கிறார்கள். நான் அதிகம் கற்றுக்கொண்டது அலுவலகத்தில் அல்ல, ஒரு கால்பந்து லீக்கில்.

என்னோடு வேலை செய்த அருள்நேசன்தான் அங்கே இழுத்துவிட்டவர். கன்ட்ரோல் அறையில் இருந்து பஸ்களை ஒழுங்குபடுத்துபவர். இலங்கைத் தமிழ்க் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் லண்டனில் நடத்தும் லீக்கில், அவருடைய கல்லூரி அணிக்கு அவரே மேனேஜர். பல வருடங்களுக்கு முன் ஒரு கோடைத் தொடக்கத்தில் என் மேசைக்கு வந்து நின்றார்.

"அக்கா, நீங்கள்தான் அட்டவணை போட்டுத் தரவேணும். நாங்கள் போட்டால் அடிபடுவம். நீங்கள் எந்தக் கொலிஜும் இல்லை."

எந்தக் கல்லூரியும் இல்லாதது ஒரு தகுதி என்று அன்றுதான் தெரிந்தது.

கல்லூரிகளின் உண்மைப் பெயர்களை எழுதினால் என்னை யாரும் கல்யாண வீட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள். அருள்நேசனுடையது கடலோரத்தில் இருந்த கத்தோலிக்கக் கல்லூரி. அதைக் கரைக் கொலிஜ் என்று வைத்துக்கொள்வோம். அதன் பரம எதிரி, சிவபாலன் அண்ணை மேனேஜராக இருந்த சந்திக் கொலிஜ். ஆடுகிறவர்களில் பாதிப் பேர் லண்டனில் பிறந்தவர்கள். தாங்கள் ஒருநாளும் நுழையாத வாசலுக்காக, தகப்பன்மாரிடம் கேட்டுத் தெரிந்த மைதானத்துக்காக ஆடினார்கள். மைதானக் கோட்டுக்கு வெளியே நின்று அவர்கள் கத்துவதைக் கேட்கும்போது, யாரோ கண்ட கனவுக்குள் நான் தவறி வந்துவிட்டேனோ என்று தோன்றும். எனக்கு அது பிடித்திருந்தது.

பலம்

அணிகள் அதிகம், வாடகைக்குக் கிடைக்கும் மைதானங்கள் குறைவு. எல்லோரும் எல்லோரோடும் ஆட முடியாது. அதனால் யாரோடு யார் என்பதை எல்லோர் முன்னாலும் சீட்டு எடுத்துத் தீர்மானித்தேன். கரைக் கொலிஜுக்கும் சந்திக் கொலிஜுக்கும் ஒருவரோடு ஒருவர் ஆடும்படி சீட்டு விழவில்லை. அந்தக் கோடை முடியும் நேரத்தில் ஓர் அணி இறுதியாட்டத்துக்குப் போய்விட்டது. மீதி இருந்த ஓர் இடத்துக்கு இந்த இரண்டு கல்லூரிகளும் சம புள்ளிகளோடு நின்றன. சமமானால் அவர்கள் தங்களுக்குள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பது விதி. அவர்கள் ஆடவே இல்லையே!

அதற்காகத்தான் தேவாலய மண்டபத்தில் கூட்டம்.

"நாங்கள் ஆரோட விளையாடினம் எண்டு பாருங்கோ," என்றார் சிவபாலன் அண்ணை. "எங்களுக்கு வந்ததெல்லாம் சிங்கங்கள். உவைக்கு வந்தது முழுக்கப் பூனைக்குட்டி. எட்டுக் கோல் வாங்கின டீமை வெண்டிட்டு வந்து புள்ளி எண்டு காட்டினால் சரியே?"

"அந்தப் பூனைக்குட்டிதானே அண்ணை உங்களோட ட்ரோ எடுத்தது?" என்றார் அருள்நேசன்.

மண்டபம் சிரித்தது. அண்ணைக்கு முகம் சிவந்தது. அப்போதுதான் எழுந்து சீட்டைப் பற்றிக் கேட்டார். "இவவும் நீரும் வேலை செய்யிறது ஒரே கந்தோரில. எங்களுக்குத் தெரியாதே?"

நான் வீட்டுக்குப் போய், இரண்டு கல்லூரிகளுக்கும் வந்த எதிரணிகளின் பலத்தைக் கணக்குப் பண்ணினேன். எதிரணிகள் எடுத்த புள்ளிகளைக் கூட்டினால் சந்தியின் அட்டவணை கடினம். எதிரணிகள் வாங்கிய கோல்களைப் பார்த்தால் கரையின் அட்டவணை கடினம். கடைசி ஆட்டங்களுக்கு அதிக மதிப்புக் கொடுத்தால் மறுபடியும் சந்தி. நான் எந்தக் கேள்வியைக் கேட்கிறேனோ அதற்கேற்ற பதில் வந்தது. கண்களை மூடினால் புள்ளிகள் மீன்குஞ்சுகள்போல நழுவித் திரிந்தன.

இரண்டு பேரும் ஒரே மைதானத்தில் நின்றால்தான் தெரியும். அதற்கு மைதானம் வேண்டும். அடுத்த வாரம் இறுதியாட்டம். இருந்தது ஒரே ஒரு ஞாயிறு. அன்று பகலில் எல்லா மைதானங்களும் வாடகைக்குப் போய்விட்டன. ஆனால் எவ்வளவு நெருக்கமான அட்டவணையிலும் யாருக்கும் வேண்டாத ஓர் இடைவெளி இருக்கும். சவுத்தால் கால்வாய்ப் பக்கத்து மைதானம் விடியற்காலையில் சும்மா கிடந்தது.

சிவபாலன் அண்ணைக்கு நானே போன் செய்தேன்.

"ஞாயிறு வெஸ்ட் ஈலிங்கில கோயில் தேர், பிள்ளை. எங்கட பெடியள் வடம் பிடிக்கப் போகோணும்."

"தேருக்கு முன்னாடியே முடிஞ்சிடும் அண்ணே."

"அவைக்குச் சேர்ச்சில பூசை இருக்குமே?"

"அதுக்கும் முன்னாடிதான்."

"நீங்கள் வருவியளோ?" என்று கேட்டார்.

"ஆமா, வருவேன்."

"அப்ப சரி. வாறம்."

மூடுபனி

இரவெல்லாம் குளிர்ந்த நிலத்திலிருந்து பனி எழுந்து நின்றது. கால்வாய் தெரியவில்லை. வாத்துகளின் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்தது. சிவபாலன் அண்ணை தேருக்கு ஆயத்தமாகப் பட்டுவேட்டியும் திருநீறுமாக வந்திருந்தார். அருள்நேசன் பூசைக்குப் போகும் கோட்டுச் சூட்டில் நின்றார். இருவரும் ஈரப்புல்லில் பக்கத்துப் பக்கத்தில் நின்றும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மைதானத்துக் காவலாளி இன்னும் வராததால் வலைகள் கொட்டிலுக்குள் பூட்டிக் கிடந்தன. வலையில்லாத கோல் கம்பங்களோடு ஆட்டம் தொடங்கியது.

அப்படி ஓர் ஆட்டத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. பந்து உதைபடும் சத்தம் வரும், பந்து வராது. திடீரென்று வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கால் வரும், ஒரு முகம் வரும், மறுபடி கரைந்து போகும். பெயர்களைக் கூவும் குரல்கள் மட்டும் மிதந்தன. எந்த நாட்டில், எந்த வருடத்தில் நிற்கிறேன் என்பதே சிறிது நேரம் மறந்துபோயிற்று. பெரியவர்கள் இருவரும் கத்துவதை எப்போதோ நிறுத்தியிருந்தார்கள்.

கடைசி நிமிடங்களில் கரை அணிப் பையன் ஒருவன் தூரத்திலிருந்து ஓங்கி அடித்தான். பந்து பனிக்குள் போனது. பின்னால் வேலியில் மோதிய சத்தம் கேட்டது. கம்பங்களுக்கு உள்ளே போனதா, வெளியே போனதா? ரெஃப்ரீ கைகளை விரித்தார். அவருக்குத் தெரியவில்லை. லைனில் நின்றவருக்கும் தெரியவில்லை. எல்லோரும் கோலை நோக்கி ஓடினார்கள். சந்திக் கல்லூரியின் கோல்காப்பாளன் கஜன் புல்லில் குப்புறக் கிடந்தான். அவன் சிவபாலன் அண்ணையின் தங்கை மகன்.

அவன் எழுந்து சேற்றைத் துடைத்தான். தாய்மாமனைப் பார்த்தான். பிறகு ரெஃப்ரீயைப் பார்த்து, "கோல்," என்றான்.

அதுதான் அந்த ஆட்டத்தின் ஒரே கோல்.

காருக்குப் போகும் வழியில் நான் அவனிடம் ஏன் சொன்னாய் என்று கேட்டேன். பெரிய பதிலை எதிர்பார்த்திருந்தேன்.

"அன்ரி, என்ர விரல் நுனியில பட்டுத்தான் உள்ள போனது. பெஸ்ட் டைவ் எவர்! வெளிய போனது எண்டு சொன்னா, பந்து தானாப் போனது எண்டுதான் நினைப்பினம், நான் அதைத் தொட்டதை ஆரும் நம்பமாட்டினம்."

சிவபாலன் அண்ணை மருமகனின் தலையில் கை வைத்தார். அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு தேருக்குப் போனார்.

அடுத்த ஞாயிறு இறுதியாட்டத்தில் எனக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. கரை அணிக்காக யாரோ தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்த்தால் சிவபாலன் அண்ணை! சந்திக் கல்லூரிக்காரர் பாதிப் பேரையும் கூட்டி வந்திருந்தார்.

"என்ன அண்ணே இது?"

"அவங்கள் வெண்டாத்தான் பிள்ளை நாங்கள் சம்பியனிட்டத் தோத்தவங்கள். இல்லாட்டி சும்மா தோத்தவங்கள். விளங்குதே?"

விளங்கியது. கரை வென்றது. அண்ணை அருள்நேசனைக் கட்டிப்பிடித்து, "எங்கட அட்டவணைதான் கடினம் எண்டு இப்பவாவது ஒத்துக்கொள்ளும்," என்றார். அருள்நேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓம் அண்ணை, ஒத்துக்கொள்ளுறன்," என்றார். என்னைச் சந்தேகித்ததற்கு அண்ணை மன்னிப்புக் கேட்கவில்லை. தேர்ப் பிரசாதத்தில் ஒரு பங்கு எனக்கென்று எடுத்துவைத்துக் கொண்டுவந்திருந்தார். ஒரு வாரப் பழசு, அவல் கல்லாகியிருந்தது. நான் சாப்பிட்டேன்.

என் மேசைக்கு டிரைவர்கள் வருவார்கள். என் ரூட் கடினம், அவனுக்கு லேசான ரூட் என்பார்கள். அதுவரை நான் ஓட்ட நேரத்தையும் பயணிகள் எண்ணிக்கையையும் திரையில் காட்டி, எல்லாம் சமம்தான் என்று நிரூபித்து அனுப்பிவைப்பேன். கணக்குச் சரியாகத்தான் இருக்கும். அவர்கள் முகம் மாறாமல் போவார்கள். தன் பாரம் பெரிது என்று சொல்கிற மனிதர் எப்போதும் அதைக் குறைக்கச் சொல்வதில்லை. அதை நீ பார்த்தாயா என்றுதான் பல நேரம் கேட்கிறார். கஜன் கேட்டதும் அதுதான், அவனுடைய மாமா கத்தியதும் அதற்காகத்தான்.

அந்தக் கோடைக்குப் பிறகு யாராவது வந்து தன் டூட்டி கடினம் என்றால், நான் கோட்டை மாட்டிக்கொண்டு கீழே போய், அவருடைய பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து, கடைசி நிறுத்தம் வரை போய்வருவேன்.