கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டை

“அதை ஒருக்கா கிட்டப் பாக்கவேணும்” என்று அம்மாதான் கேட்டார். வெள்ளவத்தை வீட்டிலிருந்து விமானப்படை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேன். காட்சிக்கு நின்ற பழைய இராணுவ ஹெலிகொப்டருக்கு நேற்றுத்தான் செய்ததுபோலப் பச்சை வர்ணம் பூசியிருந்தார்கள். காற்றில் அதன் இறக்கை கிறீச்சிட்டதும் நான் சண்டைக்காலத்து எங்கள் யாழ்ப்பாணத்து முற்றத்தில் நின்றேன்.

“ஹெலி வருது, கொடியில கிடக்கிற வெள்ளையளை எடுங்கோ!” என்று அம்மா கத்துவார். வெள்ளைத் துணி மேலேயிருந்து பளிச்சென்று தெரியுமாம்; பார்த்துச் சுடுவார்களாம். ஒருநாள் பங்கர் குழிக்குள் இறங்கிய பிறகுதான் என் பள்ளிக்கூடச் சட்டை அம்மாவுக்கு நினைவு வந்தது. அப்பா எடுக்கப் போனார். நாங்கள் வெளியே வந்தபோது சட்டை கொடியிலேயே ஆடிக்கொண்டிருந்தது. அப்பா அதன் கீழே கிடந்தார்.

“ஏறிப் பாக்கலாம் அம்மே” என்றார் காவலுக்கு நின்ற சிங்களச் சிப்பாய்.

அம்மா ஏறவில்லை. அதன் வயிற்றில் உள்ளங்கையை வைத்தபடி என்னிடம் கேட்டார்:

“இவ்வளவு சின்னனே?”