தப்பு காய்ச்சிய நாலு விளக்கு

உடைந்த ரேடியோ இரண்டைப் பிரித்து என் முதல் ஆம்ப்ளிஃபயரை நானே கட்டினேன். ரோடு போகாத தேயிலைத் தோட்டங்களுக்கு ஹார்னைத் தலையில் சுமந்துகொண்டு ஏறி, கோயில் திருவிழாவுக்குப் பாட்டு வைத்தேன். பண்டாரவளையில் கடை போட்டேன், லொறி வாங்கினேன். படித்தது அஞ்சாம் வகுப்பு. அதிலும் மழைக்காலத்தில் போகவில்லை. இன்றைக்கு ஊவா மாகாணத்தில் மைக் செட் போடுகிறவர்களில் பாதிப்பேர் என்னிடம் வயர் சுற்றப் பழகியவர்கள். மற்றப் பாதிப்பேர் ஒழுங்காகச் சுற்றுவதில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற இளசுகளுக்காக, பதுளையில் நடந்த நாட்டார் இசை விழாவைப் பற்றி எழுதுகிறேன்.

விழாச் செயலாளர் புனிதா டீச்சர். காலையிலேயே என்னிடம் வந்தார்.

"அண்ணே, இந்த வருசம் ஒரு தப்பும் இருக்கக் கூடாது."

"அப்ப மாரிமுத்து கோஷ்டிய திருப்பி அனுப்பிரவா டீச்சர்?"

மாரிமுத்து, கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டத்தில் தப்பு அடிக்கிறவன். தோல் போர்த்திய வட்டப் பறைதான் தப்பு. கடைசி நிகழ்ச்சி அவனுடையது. டீச்சர் சிரித்தார். சிரித்த வாயோடு, நான் லொறியிலிருந்து இறக்கிய ஹெலஜன் விளக்குகளையும் பார்த்துவிட்டார்.

"ஐயோ, இதெல்லாம் மியூசியத்துக்குக் குடுங்கண்ணே. இப்ப எல்லாரும் எல்.ஈ.டி.தான். சூடே இல்ல."

நான் விளக்குகளை உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

பத்து மணிக்கு மாரிமுத்து ஐந்து பேரோடு வந்து சேர்ந்தான். வழியெல்லாம் மழை. உரப்பையில் சுற்றி வந்தும் தப்புத் தோல் ஈரத்தில் தளர்ந்து போயிருந்தது. தட்டினால் 'தொப்' என்றது, நனைந்த சாக்கைத் தட்டுகிற மாதிரி. தப்பை நெருப்பில் காட்டிக் காய்ச்சினால்தான் தோல் இறுகும், சத்தம் எழும்பும். வெளியே மழை. உள்ளே காகிதம் கொளுத்தப் போனால் மண்டபத்துக் காவல்காரர் ஓடி வந்து, "கினி எபா, கினி எபா!" என்று கையை ஆட்டினார். நெருப்பு வேண்டாமாம். அவர் சொன்னதும் நியாயம்தான், எல்லாம் துணித் திரை.

டீச்சர் வந்து தட்டிப் பார்த்தார். கைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தார்.

"தப்புச் சத்தம் இதுல இருக்கு. செல்லையா அண்ணன் போட்டு விடுவாரு. நீங்க மேடையில நின்னு கைய அசைச்சா போதும்."

மாரிமுத்துவின் முகம் சுருங்கிவிட்டது.

"டீச்சர், எங்க தோட்டத்து லயத்துல இருந்து ஒரு லொறி சனம் வந்திருக்கு. எங்கப்பா விடியக்காலை வேலைக்கு ஆள் கூடுற பெரட்டுக்கு அடிச்சு ஒரு தோட்டத்தையே எழுப்புன தப்பு இது. நான் சும்மா கைய ஆட்டிட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு திரும்பிப் போறது?"

"நேரமில்லங்க," என்று பென்டிரைவை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

நான் மியூசியத்தைத் திறந்தேன். மேடைக்குப் பின் அறையில், என் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்திலேயே, மூன்று ஹெலஜனைப் போட்டேன்.

"ஒரு சாண் தள்ளிப் பிடி மாரி. கிட்ட வச்சா கருகிரும்."

"மச்சான், தப்பு காய்ச்சுறியா, கோழி சுடுறியா?"

"உன் மானத்தக் காயப் போடுறேன். பேசாமப் பிடி."

மேடையில் கும்மி முடிவதற்குள் ஐந்து தப்பு 'டங்' என்றது. மாரிமுத்துவின் தப்புதான் பெரிசு. அது இன்னும் 'தொப்'. அதற்குள் டீச்சர் அவன் பெயரை அறிவித்துவிட்டு என்னைப் பார்த்துச் சைகை காட்டினார்: போடு! ஒரு கையால் பென்டிரைவைச் சொருகினேன். மறு கையால் நாலாவது ஹெலஜனையும் போட்டேன். நாலு விளக்குச் சூட்டில் தோல் இறுகி, மாரிமுத்து கண்ணைக் காட்டினான். பட்டனை அமுக்கப் போனேன். லோடு தாங்காமல் மண்டபத்து ட்ரிப் சுவிட்ச் விழுந்துவிட்டது.

மைக் இல்லை. எல்.ஈ.டி. இல்லை. பென்டிரைவும் ஊமை. மழை இருட்டு.

அந்த இருட்டில் மாரிமுத்து மேடையேறி ஒரு தட்டு தட்டினான். 'டங்!' பிறகு ஆறு தப்பும் சேர்ந்தன. யாரோ திரையை இழுத்து ஜன்னல் வெளிச்சம் விட்டார்கள். கொஸ்லந்தச் சனம் எழுந்து நின்றது. காவல்காரர் தோளை ஆட்டினார். டீச்சரின் செருப்பு தாளம் போட்டதை என் கண்ணால் பார்த்தேன். அவர் இன்றைக்கும் மறுக்கிறார்.

முடிந்ததும் என்னிடம் வந்தார். "கரண்ட் போனது உங்க தப்புதானே?"

"என் தப்பு கரண்ட்டோட போச்சு டீச்சர். சனம் கேட்டது மாரிமுத்து தப்பு."

எத்தனை விளக்கு போட்டால் சுவிட்ச் விழும் என்று இத்தனை வருசம் தொழில் செய்தவனுக்குத் தெரியாதா என்று சிலர் கேட்கிறார்கள். தெரியும். அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

இளசுகளே, பழைய சாமானைத் தூக்கிப் போடுவதற்கு முன், அது வேறு என்ன வேலை செய்யும் என்று பாருங்கள். ஹெலஜனை வெளிச்சத்துக்கு மட்டும் என்று நினைத்தவர்கள் பென்டிரைவோடு வந்தார்கள்.

கடைசியாக ஒரு விசயம். விழா மலரில் "ஒலி உதவி: செல்லையா" என்று போட்டிருக்கிறார்கள். அன்றைக்குக் கைதட்டு வாங்கிய நிகழ்ச்சியில் என் ஒலி ஒரு சொட்டும் இல்லை. ஆகவே அதைத் திருத்த வேண்டும். "தப்பு காய்ச்சியவர்: பண்டாரவளை செல்லையா" என்று பெரிய எழுத்தில் போட வேண்டும்.

டீச்சர், அச்சுத் தப்பு என்று நினைத்து யாராவது அதை எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.