பதினொரு உறைகளில் ஒரு கொடி

சென்னையில் ஊர்வலம் என்று கேள்விப்பட்ட அன்றே போவதென்று முடிவு செய்தேன். போக முடியாது என்பதும் அன்றே தெரிந்துவிட்டது. போலியோ வந்த காலுக்குக் காலிப்பர், கக்கத்தில் கட்டை. ரயில் ஏற யாராவது தூக்கிவிட வேண்டும். தூக்கிவிட அப்பா வருவார். எதுக்குடா சென்னைக்கு என்பார். ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், திருநங்கைகள் எல்லோரும் வானவில் கொடி பிடித்து நடக்கிறார்கள், நானும் அதில் ஒருத்தன் என்று சொல்லும் தைரியம் அப்போது எனக்கு இல்லை.

வேலூர் நண்பனிடம் போனில் புலம்பினேன். பிறவியிலேயே பார்வை இல்லாதவன் அவன். ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். எங்களைப் போன்றவர்கள் கூடும் சாட் ரூம் ஒன்றில் பழக்கமானவன்.

"அப்ப நாமளே வைப்போம், கம்ப்யூட்டர்ல," என்றான். "நடக்கவும் வேணாம், பாக்கவும் வேணாம். நமக்குன்னே செஞ்ச ஊர்வலம், தோஸ்த்!"

அவ்வளவுதான், எனக்குத் தூக்கம் போயிற்று. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் ஆம்பூரில் தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர். ஆனால் எல்லாம் மாடியில். தரைத்தளத்தில் இருந்த ஒன்றே ஒன்றைப் பிடித்து, ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு இரண்டு கம்ப்யூட்டர் சொல்லிவைத்தேன். ஒன்று எனக்கு, மற்றது அக்காவுக்கு.

அக்கா கூடப் பிறந்தவள் இல்லை; நான் வேலை செய்த ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் இருந்தாள். நான் ஆபீசில் ஏற்றுமதிக் காகிதங்கள் டைப் செய்துகொண்டிருந்தேன். அவளுக்குக் காது கேட்காது. நாங்கள் பேசியதெல்லாம் ஒரு நோட்டில் எழுதித்தான். கூட வேலை செய்த பெண்ணோடு வீடெடுத்து வாழ்ந்தாள். கேட்பவர்களுக்கு அந்தப் பெண் அவள் சித்தி பொண்ணு. எங்கள் மூவரைத் தவிர, விபத்தில் ஒரு கையை இழந்த, கலவை ஊர்த் திருநங்கை ஒருவர் முதலாக இன்னும் எட்டுப் பேர் வருவதாகச் சொன்னார்கள்.

முந்தின ஞாயிறு ஓர் ஒத்திகை வைத்தேன். குரலில் பேசினால் அக்காவுக்குக் கேட்காதே, அதனால் எல்லாம் எழுத்தில்தான் என்று சட்டம் போட்டேன். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்போம். நண்பனின் கம்ப்யூட்டர் அதைத் தன் வெள்ளைக்கார மூக்கால் அவனுக்குப் படித்துச் சொல்லும். எல்லோருக்கும் ஒரே உற்சாகம். நட்சத்திரக் குறி, கோடு, அடைப்புக்குறி எல்லாம் சேர்த்துப் பூவும் தோரணமுமாகத் திரை முழுக்கக் கொட்டினோம். அக்கா கைதட்டிச் சிரித்தாள். அவள் சிரிப்பு அவளுக்குக் கேட்காது, தெருவுக்கே கேட்கும்.

அரைமணியில் நண்பன் காணாமல் போனான். போன் செய்தேன்.

"இன்னாடா, போய்ட்ட?"

"ஸ்டார் ஸ்டார் ஸ்டார் டேஷ் பிராக்கெட் ஸ்டார் ஸ்டார். அர மணி நேரம் இதான் கேட்டேன். ஒருத்தன் பேசுனது காதுல விழல. யார் வூட்டுக் கல்யாணத்துக்கோ சுவத்துக்கு அந்தாண்ட நின்ன மாதிரி ஆயிட்ச்சு. நீங்க கொண்டாடுங்க தோஸ்த். நான் வரல."

"பூ போட வேணாம்னு சொல்லிடறேன்டா."

"பூ இல்லாத கல்யாணமா? என்னால மத்தவங்களுக்கு இன்னாத்துக்குக் கம்மி?" வைத்துவிட்டான்.

யோசனை சொன்னவனே இல்லாமல் என்ன விழா? மறுநாள் அக்காவின் நோட்டில் நடந்ததையெல்லாம் எழுதினேன். படித்துவிட்டு, "அவனுக்குக் கொடி இன்னான்னு தெரியுமா?" என்று எழுதினாள்.

"ஆறு கலர்னு சொல்லிருக்கேன்."

கோணல் தையலைப் பார்க்கும் சூப்பர்வைசர் மாதிரி என்னைப் பார்த்தாள். அடியில் ஒரே வார்த்தை: "கலர்னா?"

சாப்பாட்டு நேரத்தில் என் மேசைமீது தோல் துண்டுகளைக் கொண்டுவந்து கொட்டினாள். சாம்பிள் ஷூவுக்கு வெட்டி மிஞ்சியவை, சூப்பர்வைசரிடம் சைகையில் கேட்டு வாங்கியது. என் கண்ணைப் பொத்தி, ஒவ்வொன்றாக விரலில் கொடுத்தாள். சிவப்பு, கண்ணாடி போல வழவழப்பு. ஆரஞ்சு, பூனை முதுகு. மஞ்சளில் பொடிப்பொடி ஓட்டை. பச்சையில் முதலைத் தோல் அச்சு. நீலம், காது மடலின் மென்மை. ஊதா முழுக்கச் சுருக்கம்.

இரண்டே நாளில் பதினொரு கொடி தைத்துவிட்டாள், உள்ளங்கை அளவு. யாருக்கும் வித்தியாசம் வேண்டாமென்று பார்வை உள்ளவர்களுக்கும் அதே கொடி. ஷூவுக்குச் செய்வது போல ஓரத்தை மெல்லிசாகச் சீவி மடித்திருந்தாள். அப்படிச் செய்யாமல் விட அவளுக்கு வராது. பதினொரு உறையில் போட்டு, எங்கள் இரண்டை வைத்துக்கொண்டு மற்றதைத் தபாலில் அனுப்பினோம். வீட்டில் யார் பிரித்தாலும் பயமில்லை; எங்கள் ஜில்லாவில் தோல் துண்டு என்றால் செருப்பு சாம்பிள்தான்.

மேலிருந்து எந்தத் தோல் எந்த நிறமென்று நண்பனுக்கு மெயிலில் எழுதினேன். சனிக்கிழமை வரை பதில் இல்லை. வீட்டுக்குப் போன் செய்தேன். அவன் அம்மா எடுத்தார்.

"டியூட்டிக்குப் போய்ட்டான்பா. இன்னாமோ சாம்பிள் அனுப்பிச்சியே, அந்தப் பச்ச நல்லாருக்கு. அதுல எனக்கு ஒரு பர்ஸ் தெச்சுத் தரச் சொல்லேன்."

"அவன் தொட்டுப் பாத்தானாம்மா?"

"கேக்கறியே! தலகாணிக்குக் கீழ வச்சிக்கினு படுக்கறான், தோல் நாத்தத்தோட."

ஞாயிறு மூன்று மணி. பத்துப் பேர் வந்துவிட்டோம். யாரும் ஓர் எழுத்து அடிக்கவில்லை. மூன்று ஐந்து. மூன்று பத்து. அக்கா நோட்டில் கேள்விக்குறி போட்டாள். நான் தோளைக் குலுக்கினேன். பிறகு திரையில் அவன் பெயர் வந்தது.

"சிவப்பு. எல்லாரும் கை வைங்க."

பக்கத்தில் அக்காவின் கட்டைவிரல் வழவழப்பின்மேல் போவதைப் பார்த்தேன். என்னுடையதும் போனது.

"வச்சாச்சு," என்று ஒவ்வொருவராக அடித்தோம். ஒருவர் முடித்துப் புள்ளி வைத்தபின் அடுத்தவர். அவன் கம்ப்யூட்டர் படித்து முடிக்கும்வரை மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தோம்.

"அடுத்து ஆரஞ்சு. யாரோ மீசையத் தடவற மாதிரி இருக்குது."

"யார் மீச?" என்றார் கலவைக்காரர்.

"அத சொன்னா எங்கம்மா வந்துருவாங்க."

அக்காவின் சிரிப்பில் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா தம்பி, ஒரே குஷி?"

"விசேஷம் அண்ணே!"

மஞ்சள், பச்சை, நீலம் என்று அவன் சொல்லச் சொல்ல நகர்ந்தோம். என் கட்டை சுவரில் சாய்ந்து கிடந்தது. ஊதா வந்தது. சுருக்கத்தில் விரல் நின்றது.

"இதுக்கு அப்புறம் இன்னா?" என்று கேட்டான்.

அக்கா ஒற்றை விரலால் அடித்தாள்: "முடிஞ்சுது. ஓரம்."

"ஊர்வலம்னா திரும்பி வரணும் இல்ல?"

கடைக்காரர் கடிகாரத்தைக் காட்டினார். இன்னொரு மணி நேரம் என்று விரலைக் காட்டிவிட்டு, அக்கா ஊதாவில் கட்டைவிரலை அழுத்தினாள்.

"கை வைங்க," என்றான். "இப்ப கீழேர்ந்து மேல."