வண்டியைத் திருப்பாமல் வீடு வந்தவள்

என் மனைவி உலகம் சுற்றி வந்த கதையை அவளிடமே கேட்டால், "போனேன், வந்தேன்" என்று முடித்துவிடுவாள். இருபத்தாறு வருடம் பஸ்ஸில் கத்தித் தீர்த்த தொண்டை. வெளியே வந்தால் சிக்கனம். அதனால் நான் சொல்கிறேன். அங்கங்கே கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன், டிரைவர்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

அவள் பதினேழாம் நம்பர் வண்டியின் கண்டக்டர். ஆஸ்பத்திரி வாசலில் கிளம்பி வாய்க்கால் கரையில் முடியும் ரூட். பதினொரு கிலோமீட்டர், இருபத்து மூன்று ஸ்டாப், ஒரு நாளைக்கு எட்டு நடை. கல்யாணமான பிறகு நான் கெஞ்சிக் கூத்தாடி அதே வண்டிக்கு டிரைவராக மாற்றல் வாங்கினேன். "வீட்லயும் அவங்க சொன்னாத்தான் வண்டி நகருமா?" என்று டிப்போவில் கேட்காத ஆளில்லை. ஆமாம், நகராதுதான்.

அவள் விசில் ஊதமாட்டாள். பயணிகளுக்குக் காது வலிக்குமாம். வண்டியின் பக்கவாட்டுத் தகரத்தில் உள்ளங்கையால் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் கிளம்பு. இரண்டு தட்டோடு சேர்ந்து "ரைட்!" என்று ஒரு குரலும் வரும். பத்தொன்பது வருடம் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே வேலை பார்த்தேன். முகத்தைப் பார்த்துப் பேசியதைவிட அந்தத் தட்டலைக் கேட்டதுதான் அதிகம். வீட்டிலும் நான் அவளுக்கு டிரைவர், அவள் எனக்குக் கண்டக்டர். எங்கள் மகள் சின்ன வயதில் அதையே எங்கள் பெயர் என்று நினைத்திருந்தாள்.

நான் ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் அவளும் ஓய்வு பெற்றாள். மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தவள், "டிரைவர், நான் உலகத்தைச் சுற்றிட்டு வரலாம்னு இருக்கேன்" என்றாள், என்னவோ தெருமுனைக் கடைக்குப் போகிறவளைப் போல.

"எதுக்கு?"

"இத்தனை வருஷமா வாய்க்கால் கரை வரைக்கும் போறோம், அந்த மரத்தைச் சுத்தி வண்டியைத் திருப்பறோம், வந்த வழியே வர்றோம். ஒரு தடவையாவது திருப்பாம வீடு வந்து சேரணும்."

"அதுக்கு ஒன்பதாம் நம்பர் ரவுண்டு வண்டி இருக்கே. நாப்பது நிமிஷம். ஜன்னல் சீட்டு பிடிச்சுத் தர்றேன்."

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

கூட நானும் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்காத சொந்தக்காரர் இல்லை. வெளியே சொல்ல வெட்கமான விஷயம்: முப்பது வருடம் பஸ் ஓட்டிய எனக்கு, பயணியாக உட்கார்ந்தால் மூன்றாவது ஸ்டாப்பில் வாந்தி வந்துவிடும். ஸ்டியரிங் என் கையில் இருந்தால் மலையைக்கூட சுற்றுவேன். பக்கத்து வீட்டுக்காரர் காரில் கல்யாணத்துக்குப் போய், மண்டபத்து வாசலிலேயே நான் பட்ட அவமானத்தை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆகவே அவள் தனியாகத்தான் போகவேண்டும் என்று முடிவாயிற்று. "ஊர் என்னம்மா சொல்லும்?" என்று மகள் போனில் ஒரு பாட்டம் அழுதாள். கண்டக்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விசா வாங்கவே ஐந்து மாதம் அலைந்தாள். ஓய்வுப் பணத்தில் பாதியை என் பெயரில் வங்கியில் போட்டுவிட்டு, மீதியில் போகிற வரைக்கும் போவது என்று கணக்கு. ரோடு உள்ள இடமெல்லாம் பஸ், அதிலும் டவுன் பஸ் கிடைத்தால் டவுன் பஸ். கடல் வந்தால் மட்டும் இருப்பதிலேயே மலிவான டிக்கெட். தங்குவது பத்துப் பேர் படுக்கும் அறையில் ஒரு மேல் கட்டில்.

ஆஸ்பத்திரி வாசலில்தான் வழியனுப்பினேன். முதுகில் ஒரு பை, இடுப்பில் பாஸ்போர்ட் வைத்த சின்னப் பை. அதற்குள் ஒரு போட்டோவும் வைத்தாள். பதினேழாம் நம்பர் வண்டிக்கு முன்னால் நாங்கள் இருவரும் சீருடையில் நிற்கும் போட்டோ.

"என் ஞாபகமா?" என்றேன்.

"வண்டி ஞாபகமா" என்றாள்.

மேற்கே போனாள். கிழக்கே இருந்துதான், வாய்க்கால் கரை வழியாகத்தான் வருவேன் என்றாள். எனக்குப் பயம். அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் பாதி. மீதிப் பாதியை மகளிடம்கூடச் சொல்லவில்லை. நான் இல்லாமலே அவள் நன்றாக இருந்துவிடுவாளோ என்பதுதான் அது.

முதல் இரண்டு மாதம் போட்டோவாக வந்தது. ஊர்ப் பெயர்கள் என் வாயில் நுழையாததால், நானே பெயர் வைத்துக்கொண்டேன்: பாலம் ஊர், வெங்காய வாசனை ஊர், மாடி பஸ் ஊர். அங்கேயும் அவளால் சும்மா உட்கார முடியவில்லையாம். காலி சீட்டு இருந்தாலும் பின் கதவுப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது, ஸ்டாப் வந்தால் தலையை எண்ணுவது, கிழவர்கள் ஏறினால் கை கொடுப்பது. "அவங்க என்ன நினைப்பாங்க?" என்றேன். "நினைச்சா நினைக்கட்டும், கை பாட்டுக்குப் போகுது" என்றாள். ஆனால் போகப் போகக் குரல் இளைத்துக்கொண்டே வந்தது. மேல் கட்டிலில் ஏறி ஏறி முழங்கால் வலி. பேச ஆளில்லை. பணமும் நினைத்ததைவிட வேகமாகக் கரைந்தது.

எழுபத்து மூன்றாவது நாள், இங்கே மத்தியானம், அங்கே காலை. சாப்பிட்டுக் கை கழுவும்போது போன் வந்தது.

"என்னங்க, பஸ் போயிடுச்சு."

அவள் டிரைவர் என்று கூப்பிடாமல் என்னங்க என்றதையே நான் கவனித்திருக்க வேண்டும்.

"அடுத்ததுல வா."

"என் பை அதுல போயிடுச்சு."

"பையை விட்டுட்டு நீ ஏன் இறங்கின?"

சின்னக் குரலில், "நான்தான் ரைட் குடுத்தேன்" என்றாள்.

நடந்தது இதுதான். ஒரு குளிர் ஊரில், வெளியூர் பஸ் ஒரு சின்ன நிறுத்தத்தில் நின்றிருக்கிறது. இரட்டைக் குழந்தைகளோடு ஒருத்தி இறங்கத் தடுமாறியிருக்கிறாள். நம் ஆள் முந்திக்கொண்டு இறங்கி, ஒரு குழந்தையை வாங்கி, குழந்தை வண்டியையும் இறக்கி, பைகளையும் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். எல்லோரும் இறங்கியாயிற்றா என்று ஒரு பார்வை. கை தானாகப் போய்த் தகரத்தில் இரண்டு தட்டு. வாய் "ரைட்!" இங்கே என்றால் தட்டிய கையோடு கால் படிக்கட்டில் ஏறியிருக்கும். அங்கே கதவு தானாக மூடிக்கொள்ளும். அந்த ஊர் டிரைவரும் யாரோ சரி சொல்லிவிட்டார்கள் என்று கிளம்பிவிட்டான். வண்டி வளைவு திரும்புகிற வரைக்கும், நல்லபடியாகப் போகிறதே என்று பார்த்துக்கொண்டே நின்றாளாம்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்தப் பக்கம் அவள் அழுதாள்.

குடித்துவிட்டு வந்து சட்டையைப் பிடித்தவனை ஒற்றைக் கையால் இறக்கிவிட்டவள் அவள். அழுது நான் கேட்டதில்லை.

"குளிருதுங்க. கோட்டு பையில போயிடுச்சு. நான் வந்துடறேன். பொண்ணுகிட்டச் சொல்லி டிக்கெட் போடச் சொல்லுங்க. போன வழியே வந்துடறேன்."

இந்த வார்த்தைக்காக எழுபத்து மூன்று நாள் காத்திருந்தவன் நான். உண்மையைச் சொல்கிறேன், சரி என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போதுதான் அந்த மழை நாள் நினைவுக்கு வந்து தொலைத்தது. பதினாறாவது ஸ்டாப்பில் ரோட்டின் மேல் வெள்ளம். பயணிகள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள், காலி வண்டி. திருப்பிவிடலாம் என்றேன். "கடைசி ஸ்டாப்புல ஆள் நிப்பாங்க" என்று சொல்லிவிட்டு இவள் இறங்கி, முழங்கால் தண்ணீரில் ரோட்டைத் தடவித் தடவி முன்னால் நடந்தாள். நான் பின்னாலேயே வண்டியை உருட்டினேன். கடைசி ஸ்டாப்பில் குடையோடு ஒரே ஒரு பெண் நின்றிருந்தாள். எங்கள் காலத்தில் பதினேழாம் நம்பர் பாதி வழியில் திரும்பியதே இல்லை.

"கண்டக்டர்" என்றேன். "டிரிப்பைப் பாதியில வெட்டக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

"அது வேற. அங்க கடைசி ஸ்டாப்புல ஆள் நிக்கும். எனக்கு யாரு நிக்கப் போறாங்க?"

"நான் நிப்பேன்."

"நீங்களா? வாய்க்கால் கரைக்கா? எப்படி வருவீங்க, நடந்தா?"

"பஸ்ல வருவேன். பயணியா."

அவள் அழுகை நின்றது. நான் விட்டுவிடவில்லை. "பஸ்ல கிடக்கிற பையை நாம என்ன பண்ணுவோம்? டிப்போல குடுப்போம்ல? அவனும் குடுப்பான். அடுத்த பஸ் பிடிச்சு டிப்போவுக்குப் போ" என்றேன். "போன்ல சார்ஜ் போயிடும்" என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். நான் போனைப் பக்கத்தில் வைத்து, சாப்பாட்டு மேசையை உள்ளங்கையால் தட்டினேன். இரண்டு தட்டு. வாழ்நாளில் நான் கொடுத்த முதல் ரைட். எடுத்துக் காதில் வைத்தால், போன் செத்திருந்தது.

அதற்குப் பிறகு ஒன்றரை நாள் செய்தி இல்லை. மகள் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டினாள். "அம்மாவே வர்றேன்னு சொல்லியும் வேண்டாம்னு சொன்னீங்களா? நீங்கெல்லாம் மனுஷனா?" மேசை முன்னால் உட்கார்ந்து, தட்டிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் ஒரு போட்டோ வந்தது. தாடி வைத்த ஒரு மலை மாதிரியான ஆள், பக்கத்தில் நம் கண்டக்டர், நடுவில் அந்தப் பை.

டிப்போவில் பேச பாஷை இல்லை. கவுன்டரில் ஒரு தட்டு தட்டி, கையை உயர்த்தி, நிறுத்து என்று காட்டியிருக்கிறாள். இரண்டு தட்டு தட்டி, போ என்று காட்டியிருக்கிறாள். பிறகு அந்தப் போட்டோவை எடுத்து வைத்து, வண்டியைக் காட்டி, தன்னைக் காட்டி, டிக்கெட் கிழிக்கிற மாதிரி விரலை அசைத்திருக்கிறாள். உள்ளே போன ஆள், இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டானாம். தாடிக்காரன்தான் அந்த பஸ்ஸின் டிரைவர். தான் கேட்ட ரைட்டுக்குச் சொந்தக்காரி இவள்தான் என்று தெரிந்ததும் மேசையில் விழுந்து சிரித்திருக்கிறான். அன்று அவளைச் சிப்பந்திகள் ஓய்வறையில் படுக்க வைத்தார்கள். ஹீட்டர் உண்டு, கீழ்க் கட்டில்.

அன்றோடு பயணமே வேறு மாதிரி ஆகிவிட்டது. தாடிக்காரன் அடுத்த ஊர் டிப்போவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தான், அவர்கள் அதற்கடுத்த ஊருக்கு எழுதினார்கள். எந்த ஊரில் இறங்கினாலும் அவள் முதலில் கேட்பது டிப்போ எங்கே என்பதுதான். எல்லா இடத்திலும் இல்லை, சில இடத்தில் விரட்டியும் விட்டார்கள். ஆனால் பாதி உலகத்தில் அவளுக்கு டிரைவர் பெஞ்சில் படுக்கையும் அவர்கள் பிளாஸ்கிலிருந்து டீயும் கிடைத்தன. குரல் தேறிவிட்டது. நானும் சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டி, அவள் தாண்டிய ஊர்களை ஸ்டாப் ஸ்டாப்பாக எழுதினேன். அவள் நன்றாக இருந்துவிடுவாளோ என்று பயந்தவன், நன்றாக இருக்கிறாள் என்று பக்கத்து வீடுகளுக்குப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பதினோராம் மாதம் ஒரு போன். "டிரைவர், நாளைக்குப் பத்து மணிக்கு நெடுஞ்சாலையில இறங்கறேன். நடைபாலம் தாண்டினா வாய்க்கால் கரை."

மறுநாள் கையில் எலுமிச்சம்பழம், பையில் நாலு பிளாஸ்டிக் உறை. ஆஸ்பத்திரி வாசலில் பதினேழாம் நம்பரில் பயணியாக ஏறினேன். மூன்றாவது ஸ்டாப்பில் முதல் உறை. ஒன்பதாவதில் இரண்டாவது. டிரைவர் பிரேக்கை மிதித்த லட்சணத்துக்கு நாலும் போதாது என்று நினைத்தேன். வாய்க்கால் கரையில் இறங்கும்போது கால் பின்னியது, ஆனாலும் நின்றேன். நிற்கிறேன் என்று சொன்னவன் ஆயிற்றே.

நடைபாலத்தில் வந்தாள். கறுத்து, இளைத்து, அதே பை. கண்ணீர் பொங்கிவிட்டது, எனக்குத்தான். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எத்தனை உறை?" என்றாள்.

"மூணு."

"பரவாயில்லையே."

என்னை இறக்கிய வண்டி மரத்தைச் சுற்றித் திரும்பி நின்றது. வண்டிக்குத்தான் அது திரும்புகிற இடம். அவளுக்கு நேர் வழி. ஏறினோம். அவள் பின் கதவுப் பக்கம் கம்பியைப் பிடிக்கப் போனாள். கையைப் பிடித்து என் பக்கத்தில் உட்கார வைத்தேன். பத்தொன்பது வருடம் ஒரே வண்டியில் போனோம், ஒரே சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அவள் பாலம் ஊரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லிக்கொண்டே ஒரு முறை தலைகளை எண்ணினாள். கிளம்பும் நேரம் தாண்டிவிட்டது. பேச்சை நிறுத்தாமலே கையை ஜன்னலுக்கு வெளியே விட்டு, தகரத்தில் இரண்டு தட்டு தட்டினாள்.

வண்டி கிளம்பிவிட்டது. பின்னால் டீ டம்ளரும் கையுமாகக் கண்டக்டர் கத்திக்கொண்டே ஓடி வந்தார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு தட்டு தட்டினாள். வண்டி நின்றது.

மூச்சிரைக்க ஏறியவர் ஒவ்வொரு சீட்டாக முறைத்தார். "யாருய்யா ரைட் குடுத்தது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் கையைத் தூக்கினேன்.

"நான்தான்" என்றேன்.